நாலு டயர் பிக்கப்பை ஆறு டயரா மாத்தலாமா? ஆர்சி உங்க பேர்ல இருந்தா இதைப் படிச்சிட்டு முடிவு பண்ணுங்க



சைடு இன்கம் பற்றி சேனலில் எப்போது பேசினாலும் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. "சார், சம்பளத்தைக் காட்டி லோன் போட்டு ஊர்ல ஒரு பிக்கப் எடுத்து விட்டிருக்கேன். மச்சான் ஓட்டுறான். பின்னாடி டபுள் டயர் போட்டு ஆறு டயர் வண்டியா மாத்திட்டா லோடு ஜாஸ்தி ஏத்தலாம், ஒன்றரை ரெண்டு லட்சம்தான் ஆகும்னு பட்டறையில சொல்றாங்க. பண்ணலாமா?"

வேண்டாம். பதில் அவ்வளவுதான். ஆனால் "வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மச்சானிடம் போன் போட்டுப் பேசும்போது உங்களால் வாதாட முடியாது. "ஊர்ல எல்லாரும் பண்றாங்க மாப்ள" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அதனால் கணக்கோடு பார்ப்போம். இதில் பட்டறைச் செலவு ரெண்டு லட்சம் என்பது சின்ன விஷயம். வண்டி உங்கள் பெயரில் இருக்கிறது, ஸ்டியரிங் வேறொருவர் கையில் இருக்கிறது, வருமானம் என்று வெளியே தெரிவது உங்கள் சம்பளம் மட்டும். பெரிய விஷயம் அதுதான்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது

யூடியூபில் அமெரிக்க பிக்கப் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். பின்பக்கம் ரெண்டு ரெண்டு டயரோடு, இடுப்பு அகலமான ஃபெண்டரோடு ஒரு வண்டி பெரிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகும். அதை அங்கே 'டூவலி' என்பார்கள். ஒற்றை டயர் வண்டியை டூவலியாக மாற்றும் வேலையும் அங்கே நடக்கிறது. இரண்டு வழிகள் உண்டு. இருக்கிற ஆக்சிலிலேயே அடாப்டர் மாட்டி வெளிப்பக்கம் இன்னொரு சக்கரம் சேர்ப்பது ஒன்று. டூவலி வண்டியின் பின் ஆக்சிலை முழுசாகக் கழற்றி வந்து பொருத்துவது இன்னொன்று. அதோடு ஃபெண்டர் மாற்ற வேண்டும், முன் சக்கரத்துக்கும் அதே மாதிரி ரிம் வேண்டும்.

அவர்கள் ஏன் பண்ணுகிறார்கள்? இழுப்பதற்காக. பெரிய டிரெய்லர்களின் கழுத்து பிக்கப்பின் தொட்டிக்குள், பின் ஆக்சிலுக்கு மேலே வந்து உட்காரும். டிரெய்லர் எடையில் 15 முதல் 25 சதவீதம் வண்டியின் முதுகில் இறங்கும். 6 டன் டிரெய்லர் என்றால் சுமார் 1,200 கிலோ. அந்த எடை பின் சக்கரத்தில் நிற்கும்போது காற்றடித்தாலும் வளைவில் திரும்பினாலும் வண்டி பக்கவாட்டில் ஆடக்கூடாது. அதற்கு நாலு டயர் உதவுகிறது. ஒரு டயர் வெடித்தாலும் பக்கத்து டயர் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் அந்த வீடியோக்களில் யாரும் சத்தமாகச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அங்கே டிரைவர் கதவைத் திறந்தால் பக்கத்துத் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். வண்டி லோடோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு எடை இருக்கலாம் என்று கம்பெனி போட்ட எண் அதில் இருக்கும். வண்டி வாங்கிப் பல வருஷம் கழித்து பட்டறையில் டபுள் டயர் போட்டால் ஆட்டம் குறையலாம், ஆனால் ஸ்டிக்கரில் இருக்கும் எண் மாறாது. டூவலி இழுக்கிற அளவு எடையை இழுக்கவேண்டும் என்றால் ஃபேக்டரியிலிருந்து டூவலியாக வந்த வண்டியைத்தான் வாங்க வேண்டும். மாற்று வேலைக்கு இவ்வளவு கடை, இவ்வளவு பார்ட்ஸ் இருக்கிற நாட்டிலேயே நிலைமை இதுதான்.

நம்ம ஊரில் பிக்கப்பில் டிரெய்லர் இழுப்பவர்கள் அபூர்வம். இங்கே ஆசை வேறு: தொட்டியில் இன்னும் ஒரு டன் ஏற்ற வேண்டும். அதாவது அங்கே ஆட்டம் குறைக்கச் செய்கிற வேலையை, இங்கே எடை கூட்டச் செய்கிறோம்.

டயர் தாங்கும், மற்றதெல்லாம்?

டயரின் பக்கச் சுவரைப் பாருங்கள். சரக்கு வண்டி டயர்களில் 121/118 என்கிற மாதிரி இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் டயர் தனியாக இருந்தால் தாங்கும் எடைக்கான குறியீடு, இரண்டாவது ஜோடியாக இருந்தால். 121 என்றால் 1,450 கிலோ. 118 என்றால் 1,320 கிலோ. ஜோடி போட்டால் ஒவ்வொரு டயரின் தாங்கும் எடையும் குறைகிறது என்பதை முதலில் கவனியுங்கள். ஜோடியில் இரண்டும் சரிசமமாகச் சுமக்காது, சூடும் கூடும், அதனால் அப்படி வைத்திருக்கிறார்கள்.

இருந்தாலும் கூட்டிப் பார்த்தால் பட்டறைக்காரர் சொல்வது சரி மாதிரியே தெரியும். இரண்டு டயருக்கு 2,900 கிலோ. நாலு டயருக்கு 5,280 கிலோ. கிட்டத்தட்ட இரட்டிப்பு!

ஆனால் எடை டயரில் மட்டும் நிற்பதில்லை. தொட்டியிலிருந்து சேசிஸ், சேசிஸிலிருந்து கமான் பட்டை, அங்கிருந்து ஆக்சில், பேரிங், கடைசியில்தான் டயர். நிறுத்துவதற்கு பிரேக். இதில் எது பலவீனமோ அதுதான் வண்டியின் பலம். ஸ்பேசர் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளினால் பேரிங்குக்குச் சுமை கூடத்தான் செய்யும். பிரேக் பழைய பிரேக்தான். கூட ரெண்டு பட்டை சேர்த்தால் வண்டி பின்னால் உட்காராது, பார்க்க நிமிர்ந்து நிற்கும். அது இன்னும் ஆபத்து, ஏனென்றால் ஓவர்லோடு கண்ணுக்கே தெரியாது.

டாடா 407 1986-ல் வந்தது. ஆறு டயர் 407 இன்றைக்கும் ரோட்டில் ஓடுகிறது என்றால் பின்னால் டபுள் டயர் இருப்பதால் மட்டும் இல்லை. அந்த எடைக்கு ஏற்ற சேசிஸ், ஆக்சில், பிரேக் எல்லாம் ஒன்றாக வடிவமைக்கப்பட்டதால். நம் கண்ணுக்கு டயர் மட்டும் தெரிகிறது, அதனால் டயர்தான் காரணம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஆர்சி-யில் இருக்கும் அந்த ஒரு எண்

இனி என் ஏரியா. ஆர்சி-யை எடுத்து ஜிவிடபிள்யூ என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். வண்டியின் காலி எடையும் லோடும் சேர்ந்த மொத்த எடைக்கு அதுதான் உச்சவரம்பு. சட்டம், இன்சூரன்ஸ், பெர்மிட், வரி எல்லாம் இந்த எண்ணை வைத்துத்தான் ஓடுகின்றன. டயர் எண்ணிக்கையை வைத்து இல்லை.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். கணக்கு சுலபமாக இருக்க நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை, உங்கள் ஆர்சி-யில் இருப்பதைப் போட்டுப் பாருங்கள். ஜிவிடபிள்யூ 3,500 கிலோ. காலி எடை 1,800. ஏற்றக்கூடிய லோடு 1,700 கிலோ.

இப்போது டபுள் டயர் போடுகிறீர்கள். ரெண்டு டயர், ரெண்டு ரிம், அடாப்டர், கூடுதல் பட்டை, ஃபெண்டர் வேலை எல்லாம் சேர்த்து 250 கிலோ கூடுகிறது என்று வையுங்கள். காலி எடை 2,050 ஆகிவிட்டது. ஜிவிடபிள்யூ அதே 3,500. சட்டப்படி ஏற்றக்கூடிய லோடு இப்போது 1,450 கிலோ.

புரிகிறதா? ரெண்டு லட்சம் செலவு பண்ணி, நியாயமாக ஏற்றக்கூடிய லோடை 250 கிலோ குறைத்திருக்கிறீர்கள்.

"அதெல்லாம் யாரு சார் பாக்குறா" என்பீர்கள். பார்க்கும்போது என்ன ஆகும் என்று பார்ப்போம். மச்சான் 2,700 கிலோ ஏற்றுகிறார். மொத்தம் 4,750. வரம்பைத் தாண்டி 1,250 கிலோ. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 194-ன்படி ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. ஆக குறைந்தது 22,000. கூடுதல் லோடை இறக்கும்வரை வண்டியை நகர்த்தவும் முடியாது, இறக்குகிற செலவும் உங்களுடையது. அந்த ஒரு டன் கூடுதல் லோடுக்கு டிரிப்புக்கு 600 ரூபாய் அதிகம் கிடைக்கிறது என்றால், ஒரு ஃபைனைக் கட்ட 37 டிரிப் ஓட்ட வேண்டும்.

பட்டறைச் செலவு தனி. 1,80,000 ரூபாயை 600 ரூபாயாகத் திரும்ப எடுக்க 300 டிரிப். மாதம் 20 டிரிப் என்றால் 15 மாதம். அதுவும் கூடுதல் டீசல், ரெண்டு டயர் கூடுதல் தேய்மானம் எதையும் கழிக்காமல்.

இது ஓவர்லோடு பற்றி. மாற்றிய குற்றம் தனியாக இருக்கிறது. அதே சட்டத்தின் பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்சி விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. சரக்கு வண்டியைப் பதியும்போது ஒவ்வொரு ஆக்சிலிலும் எத்தனை டயர், என்ன சைஸ், ஆக்சில் எடை எவ்வளவு என்பதும் பதிவாகிறது. அதனால் டபுள் டயர் போட்ட நிமிஷமே வண்டி ஒன்று, ஆர்சி இன்னொன்று. சிஎன்ஜி கிட் மாதிரி சட்டமே அனுமதிக்கும் மாற்றங்கள் உண்டு, ஆனால் இது அந்தப் பட்டியலில் வராது. 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளரின் அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டது. அதே வருஷத் திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ-ன்படி, இப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'உரிமையாளருக்கு' என்ற சொல்லைக் கவனியுங்கள். மச்சானுக்கு இல்லை.

"நாமக்கல்ல லாரிக்கு பாடி கட்டுறாங்களே, அது மட்டும் எப்படி?" என்று கேட்கலாம். அது வேறு. அங்கே சேசிஸாக வாங்கி, பாடி கட்டி, அதற்குப் பிறகுதான் முதல் பதிவு. ஜிவிடபிள்யூ கம்பெனி சேசிஸுக்குக் கொடுத்த எண்தான்.

எஃப்சி-யும் இருக்கிறது. புது சரக்கு வண்டிக்கு முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருஷா வருஷம். பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் ஆறு டயரோடு நிற்க முடியாது என்பதால் சிலர் எஃப்சி-க்கு முன்னால் கழற்றி, பின்னால் மாட்டுகிறார்கள். தங்கள் வண்டி தப்பு என்று தெரிந்தே பண்ணினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியை அவர்களே தயார் பண்ணிக் கொடுக்கிறார்கள்.

விபத்து நடந்தால், உங்கள் சம்பளம் வரை வரும்

இந்தப் பகுதிக்காகத்தான் மொத்தக் கட்டுரையும். நிதானமாகப் படியுங்கள்.

வண்டி மோதிவிட்டது. இரண்டு தனித்தனி கிளெய்ம் வரும். ஒன்று உங்கள் வண்டிக்கு ஆன சேதம். இன்னொன்று அடிபட்டவர் அல்லது அவர் குடும்பம் கேட்கும் இழப்பீடு.

முதலாவது சின்னது. சர்வேயர் வந்து பார்ப்பார். ஆர்சி-யில் ஒற்றை டயர், வண்டியில் இரட்டை டயர். சொல்லாமல் மாற்றியதைக் காரணம் காட்டி கம்பெனி கிளெய்மை மறுக்கலாம். போராடினால் ஒரு பகுதி கிடைக்கலாம். 2010-ல் அமலேந்து சாகூ வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டிய வழிகாட்டுதல்படி, அனுமதித்த அளவுக்கு மேல் லோடு ஏற்றிய வண்டிக்கு ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதத்துக்கு மிகாமல் கொடுக்கலாம். ஆக நாலில் ஒரு பங்கு போனது போனதுதான். முழுசாகவே கிடைக்காமல் போனாலும் உங்கள் நஷ்டம் வண்டியின் மதிப்போடு நிற்கும். லோன் பாக்கி மட்டும் தொடரும்.

இரண்டாவதுதான் பயப்பட வேண்டியது. உயிரிழப்புக்கும் காயத்துக்கும் இழப்பீடு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு கிடையாது. இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பி இருந்தவர்கள் என்று கணக்குப் போட்டு டிரிபியூனல் தீர்மானிக்கும். முப்பது வயதில் நல்ல வேலையில் இருந்த ஒருவர் என்றால் தொகை சுலபமாகப் பல லட்சங்களைத் தாண்டும். சாதாரணமாக இன்சூரன்ஸ் கம்பெனி கட்டிவிடும், நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் பாலிசி நிபந்தனை மீறப்பட்டது, முக்கியத் தகவல் மறைக்கப்பட்டது என்று கம்பெனி நிரூபித்துவிட்டால், நீதிமன்றங்கள் 'முதலில் நீ கட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூல் செய்துகொள்' என்று உத்தரவிடும் வழக்கம் உண்டு. பாதிக்கப்பட்டவருக்குப் பணம் போய்விடும். கம்பெனி உங்களைத் தேடி வரும்.

எல்லா வழக்கிலும் இப்படித்தான் முடியும் என்று நான் சொல்லவில்லை. விபத்துக்கும் மாற்றத்துக்கும் தொடர்பு உண்டா என்று வக்கீல்கள் வாதாடுவார்கள், ஒவ்வொரு வழக்கும் ஒவ்வொரு மாதிரி. ஆனால் அந்த வாதத்தை அவர்கள் கையில் எடுத்துக் கொடுத்தது அந்தக் கூடுதல் ரெண்டு டயர்.

வசூல் என்றால் எப்படி? உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 60-ன்படி, பணத் தீர்ப்பை நிறைவேற்ற ஒருவரின் சம்பளத்தை ஜப்தி செய்யலாம். முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொடக்கூடாது. மிச்சம் எடுக்கலாம். சம்பளம் 60,000 என்றால் மாதம் 19,667 ரூபாய் வரை. ஒரே தீர்ப்புக்காக மொத்தம் 24 மாதம் வரை. அதாவது சுமார் 4.72 லட்சம் சம்பளத்திலிருந்து மட்டும். பிஎஃப் பணத்தைத் தொட முடியாது. ஆனால் உங்கள் பெயரில் இருக்கும் மனை, பேங்கில் கிடக்கும் எஃப்டி, மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் திறந்தே கிடக்கும்.

வண்டி மச்சான் பெயரில் இருந்திருந்தால் வசூல் செய்யப் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது. பேங்க் உங்கள் சம்பளச் சீட்டைப் பார்த்து லோன் கொடுத்தது. வசூல் பண்ண வருகிறவரும் அதே சம்பளச் சீட்டைத்தான் பார்ப்பார். ஹெச்ஆர் மெயிலில் ஜப்தி உத்தரவு வந்து நிற்பதைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்கள்.

அடுத்தது லோன். ஹைப்பாதிகேஷன் ஒப்பந்தத்தில் கடன் கொடுத்தவர் சம்மதம் இல்லாமல் வண்டியை மாற்றக்கூடாது என்ற ஷரத்து வழக்கமாக இருக்கும். கையெழுத்துப் போட்டபோது யாரும் படித்திருக்க மாட்டோம். இப்போது படியுங்கள்.

"செலவை டாக்ஸ்ல கழிச்சுக்கலாம்ல?"

முடியாது. சரக்கு வண்டி வைத்திருக்கும் சம்பளக்காரர்கள் பெரும்பாலும் 44ஏஇ-யில்தான் கணக்குக் காட்டுகிறார்கள். பத்து வண்டிக்கு மேல் இல்லாதவர்களுக்கு, 12 டன்னுக்கு மேற்படாத வண்டி ஒன்றுக்கு மாதம் 7,500 ரூபாய் லாபம் என்று எடுத்துக்கொள்வார்கள். அதைவிட அதிகம் சம்பாதித்ததாக நீங்களே காட்டினால் அந்தத் தொகை. வருஷத்துக்கு 90,000. டீசல், டயர், தேய்மானம், பட்டறைச் செலவு எல்லாம் இதற்குள்ளேயே கழிக்கப்பட்டதாக அர்த்தம். தனியாக எதையும் கழிக்க முடியாது. வண்டி உங்கள் பெயரில் இருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் இந்தக் கணக்கு உண்டு. டபுள் டயர் போட வண்டி ஒரு மாதம் பட்டறையில் நின்றாலும் அந்த மாதத்துக்கும் 7,500.

இந்த 90,000 சம்பளத்தோடு சேரும்போது ஒரு பொறி இருக்கிறது. 2025-26 நிதியாண்டு, புதிய வரிமுறை. ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் 75,000 போக உங்கள் சம்பள வருமானம் 11,50,000 என்றால் ரிபேட் காரணமாக வரி பூஜ்யம். வண்டி வருமானம் சேர்ந்தால் 12,40,000. ஸ்லாப் படி வரி 66,000. 12 லட்சத்துக்கு மேல் போன 40,000-க்கு மேல் வரி போகாது என்ற சலுகையால் 40,000 ஆகக் குறையும், செஸ் சேர்த்து 41,600. அதாவது 90,000 வருமானத்துக்கு 41,600 வரி! பிக்கப் வாங்கும்போது யாரும் இதைக் கணக்கில் வைப்பதில்லை.

சரி, 44ஏஇ வேண்டாம், முழுக் கணக்கு எழுதி நஷ்டம் காட்டுகிறேன் என்றால்? அதைவிடக் குறைந்த லாபம் காட்ட புத்தகமும் ஆடிட்டும் வேண்டும். ஓவர்லோடு ஃபைன் மாதிரி சட்டத்தை மீறியதற்கான செலவைக் கழிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேல், வியாபார நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவே முடியாது. இது தெரியாமல் "நஷ்டம் காட்டினா டிடிஎஸ் ரீஃபண்ட் வரும்" என்று நம்பி வருகிறவர்கள் என் ஆபீஸில் ஒவ்வொரு ஜூலையும் உண்டு.

பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு ஒரு வரி. வெறும் சம்பளக்காரர் வருஷா வருஷம் முறையை மாற்றிக்கொள்ளலாம். வண்டி வருமானம் வந்துவிட்டால் அந்தச் சுதந்திரம் போய்விடும். பழைய முறை வேண்டும் என்றால் 10-ஐஇஏ படிவம் கெடுவுக்குள் கொடுக்க வேண்டும், அதிலிருந்து ஒரு முறை வெளியே வந்துவிட்டால் வியாபார வருமானம் இருக்கும்வரை மறுபடி உள்ளே போக முடியாது.

லோடு உண்மையிலேயே இருக்கிறதா?

மச்சான் சொல்வது முழுப் பொய் இல்லை. லோடு கிடைக்கிறது, வண்டி பத்தவில்லை. அது நல்ல பிரச்சினைதான். அதற்குச் சரியான வழி ஃபேக்டரி ஆறு டயர் வண்டி. அதையும் கணக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டும், ஆசைப்பட்டு இல்லை.

பழைய பிக்கப்பை விற்று லோனை அடைத்தது போக மிச்சத்தை முன்பணமாகப் போட்டு, 12 லட்சம் லோன் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். 10.5 சதவீதம், 5 வருஷம். இஎம்ஐ சுமார் 25,800. இப்போது கட்டுவது 11,800 என்றால் மாதம் 14,000 கூடுதல். புது வண்டியில் சட்டப்படியே 1.8 டன் அதிகம் ஏற்றலாம் என்றால், அதே 600 ரூபாய் கணக்கில் டிரிப்புக்கு 1,080 கூடும். டீசலும் டயரும் 330 கழித்தால் 750. மாதம் 20 டிரிப், 15,000. கூடுதல் இஎம்ஐ போக மிச்சம் 1,000 ரூபாய்.

அவ்வளவுதான். அதுவும் இருபது டிரிப்பும் ஃபுல் லோடு இருந்தால். பதினஞ்சு டிரிப்பில் நின்றால் 2,750 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். அதனால் முதலில் ஆறு மாத டிரிப் நோட்டை மச்சானிடம் கேளுங்கள். எத்தனை நாள் லோடு மிஞ்சியது, எவ்வளவு மிஞ்சியது? நோட்டே இல்லை என்றால் அதுவே ஒரு பதில்.

மாதத்தில் நாலைந்து நாள் மட்டும்தான் லோடு மிஞ்சுகிறது என்றால் வண்டியே மாற்ற வேண்டாம். அந்த நாட்களில் பக்கத்தில் இன்னொரு பிக்கப்பையோ குட்டி யானையையோ வாடகைக்குப் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். லாபம் குறையும்; இஎம்ஐ, ஃபைன், ஜப்தி எதுவும் இருக்காது. என் ஓட்டு இதற்குத்தான்.

வாங்குவது என்றே முடிவானால் சில விஷயங்கள் உங்களுக்குச் சாதகமாக இருக்கின்றன. சரக்கு வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஜிவிடபிள்யூ 7,500 கிலோவுக்கு மேற்படாத வண்டியாகப் பாருங்கள். தேர்டு பார்ட்டி பிரீமியம் பிக்கப்புக்கும் அதற்கும் ஒரே பிரிவுதான், 2022 ஜூன் கட்டணப்படி வாடகை சரக்கு வண்டிக்கு 16,049 ரூபாய் மற்றும் ஜிஎஸ்டி. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு கொடுத்த தீர்ப்புப்படி, மச்சானிடம் இருக்கும் எல்எம்வி லைசென்ஸே அந்த வண்டிக்குப் போதும். 44ஏஇ-யிலும் அதே 7,500 ரூபாய்தான். அதாவது ஆறு டயர் வண்டியை நேர் வழியில் வாங்கினால் 44ஏஇ கணக்கும் லைசென்ஸும் தேர்டு பார்ட்டி பிரீமியமும் கூடுவதே இல்லை. திருட்டுத்தனமாக மாற்றுவதற்கு எந்தக் காரணமும் மிச்சமில்லை.

ஏற்கனவே மாற்றியாச்சு என்றால்

பழைய நிலைக்குத் திருப்புங்கள். இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் தேதிக்கும் எஃப்சி தேதிக்கும் முன்னால் அல்ல, இந்த வாரமே. திருப்பிய பிறகு எடை மேடையில் ஏற்றி காலி எடைச் சீட்டு ஒன்று வாங்கி, ஆர்சி-யில் இருக்கும் காலி எடையோடு பொருந்துகிறதா என்று பார்த்து, அந்தச் சீட்டையும் பட்டறை பில்லையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

செகண்ட் ஹேண்டில் பிக்கப் வாங்கப் போகிறவர்கள் பெயிண்டைப் பார்ப்பதற்கு முன்னால் பின் சக்கரத்தைப் பாருங்கள். ஆர்சி-யில் இருக்கும் டயர் விவரமும் வண்டியில் இருப்பதும் ஒன்றா? கமான் பட்டையில் ஒன்றிரண்டு மட்டும் புதுசாக இருக்கிறதா? ஃபெண்டரில் வெட்டி ஒட்டிய தடம் இருக்கிறதா? காலி எடையை எடை மேடையில் போட்டுப் பாருங்கள், சின்னச் செலவுதான். ஆர்சி-யைவிட 200, 250 கிலோ அதிகம் காட்டினால் விற்பவர் எவ்வளவு விலை குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம். பெயர் மாற்றிய நாளிலிருந்து பிரிவு 52-க்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.